எலிஃபண்ட் என்னும் சொல்லுக்குச் சிவகாசியின் உரிமை: ஒரு முன்னாய்வு

'எலிஃபண்ட்' என்ற சொல்லின் முற்பாதியில் எலி இருக்கிறது என்பதை விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவுக்குக் காத்திருக்கும் எந்தப் பையனும் கண்டுபிடித்துவிடுவான். எனவே அதை ஆய்வென்று ஏற்பதற்கில்லை.

மேலைநாட்டார் சொல்லும் கணக்கு வேறு. கிரேக்கத்தில் 'எலெபாஸ்' என்றால் முதலில் தந்தம்தான்; ஹோமரிடம் அதுவே பொருள். சரக்கு முந்தி வந்தது, மிருகம் பிந்தி வந்தது. பிறகு லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாகச் சொல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. வடமொழிக்காரர் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள்: கரம் உடையது கரி. இப்படி ஆளுக்கோர் உறுப்பைப் பங்கு போட்டது போக மிஞ்சியது சத்தம். அது சிவகாசிக்கு வந்தது.

சான்று, யானை வெடி. இறுகச் சுற்றிய காகித உருளை, மேலே படத்தாள், நுனியில் திரி. லட்சுமி படம் ஒட்டினால் லட்சுமி வெடி, குருவி ஒட்டினால் குருவி வெடி. யானைகள் தங்களுக்குள் பேசுவதில் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி என்று 1984இல் ஒலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் கண்டறிந்தார். சிவகாசி அந்தக் குறையை நீக்கியது. சட்டமோ நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் பிளிறக் கூடாது என்கிறது.

மருந்தைப் பிரித்தாலும் விடை அதுவே. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. அந்தக் கரியும் இந்தக் கரியும் வேறு வேர் என்று அகராதிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் முணுமுணுப்பவர்கள் உண்டு, விட்டுவிடலாம்.

இனி சிவகாசியின் அச்சகங்களுக்கு வருவோம். டெம்மி, கிரவுன் என்று நம் அச்சகங்களில் தினமும் புழங்கும் தாள் அளவுகளுக்கு அண்ணன் ஒருவன் உண்டு. ஆங்கிலத்தில் அவன் பெயர் எலிஃபண்ட். ஓவியர் ஆடுபானின் பறவைப் படங்கள் (1827-38) அச்சானது இரட்டை எலிஃபண்டில். வெடிக்கும் அச்சுக்கும் ஒரே ஊர் என்றால் அந்தப் பெயர் வேறெங்கே போகும்?

ஒரே ஒரு மறுப்பு, மேற்கே மலையடிவாரத்திலிருந்து வருகிறது. ராஜபாளையம் பக்கம் தோப்புக்குள் யானை இறங்கினால் வெடி போட்டுத்தான் விரட்டுகிறார்கள். தன் பெயர் அச்சடித்த பொருளைக் கண்டு யானை ஓடுவது, இந்த ஆய்வாளரின் கருத்தில், வெறும் கூச்சம்.

ஆகவே தமிழ்ப் பேரகராதியின் அடுத்த பதிப்பில் 'யானை' என்ற சொல்லுக்கு எதிரே 'ஒரு வகை வெடி' என்றும் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வரை, வாங்குவோர் திரியை நன்றாகக் கிள்ளிவிட்டு, நீளமான ஊதுவத்தியாகப் பார்த்துப் பற்றவைக்கவும்.