நானா?

ராணுவ மருத்துவக் கோப்புகளில் ஒரு சுருக்கெழுத்து உண்டு: என்.ஏ.என்.ஏ. ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் முற்றியதும் அல்ல’ என்பது அதன் விரிவு. நான்கு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் ‘நானா’ என்று வரும். அடுக்கியவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனாலும் பொருத்தத்தைப் பாருங்கள். ஒரு சிப்பாய்க்குச் சர்க்கரை நோய் யாரால் வந்தது என்று கேட்டால், இந்திய அரசு நெஞ்சில் கை வைத்துக் கண்ணை அகல விரித்துக் கேட்கிறது: “நானா?”

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலுக்குப் போங்கள். முகம் தெரிகிற பளபளப்பில் பூட்ஸும், நரைத்த மீசையும், எந்த முதலாளி வந்தாலும் தேவைக்கு மேல் விறைப்பாக ஒரு சல்யூட்டுமாக ஒருவர் நிற்பார். எக்ஸ் சர்வீஸ்மேன். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. அந்தப் படைக்காரர்களுக்குப் பட்டாளத்தில் செல்லப்பெயர் ‘தம்பி’. தம்பியாகப் போனவர், இருபத்து நான்கு வருடம் பாலம் கட்டி, கண்ணிவெடி எடுத்து, சர்க்கரையோடு திரும்பி வந்து, ஜூஜூவாடி பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்க்கிறார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஹவில்தார் என்றே சொல்கிறேன்.

அவருடைய நோய்க்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘வாழ்க்கைமுறை நோய்’. யாருடைய வாழ்க்கை, யார் வகுத்த முறை? பர்கூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் தின்று வளர்ந்த உடம்பு அது. இன்று நகரத்து டாக்டர்கள் சர்க்கரைக்காரர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற அதே களி. பதினெட்டு வயதில் எடை பார்த்து, மார்பு அளந்து, சிறுநீர் சோதித்து, பழுதில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எப்போது எழுவது என்பதைப் பிகில் சொன்னது. என்ன தின்பது என்பதை லங்கர் என்கிற பட்டாளச் சமையற்கூடம் சொன்னது: பூரி, ஆலு, பாதிச் சர்க்கரையாக ஒரு டீ. எப்போது தூங்குவது என்பதைச் சென்ட்ரி ரோஸ்டர் சொன்னது. பெண்டாட்டி பிரசவத்துக்குப் போகலாமா என்பதைக்கூட இன்னொருவர்தான் சொன்னார். இருபத்து நான்கு வருடத்தில் அந்த மனிதர் மேலிடத்து உத்தரவில்லாமல், தன் சொந்த விருப்பத்தில் செய்த ஒரே காரியம் கணையத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் என்கிறது மருத்துவ வாரியம்.

வேடிக்கை என்னவென்றால், நோய் இருப்பதை வாரியம் மறுக்கவில்லை. சர்க்கரை கண்டதுமே ‘லோ மெடிக்கல் கேட்டகிரி’ என்று இறக்கினார்கள். பதவி உயர்வு நின்றது. அப்போதெல்லாம் நோய் உண்மை. ஓய்வுக்கு முந்தைய வாரியம் ‘இயலாமை 20 விழுக்காடு, ஆயுளுக்கும்’ என்று எழுதியது. அதுவும் உண்மை. அடுத்த கட்டத்தில் நானா. அதற்கும் அடுத்த கட்டத்தில் ‘ஓய்வூதியத்துக்குத் தகுதியான விழுக்காடு: இல்லை’. பதவி உயர்வை நிறுத்தும்போது இருக்கிற நோய், காசு கொடுக்கும்போது காணாமல் போகிறது.

இந்த மாயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது. 20-ஐத் தொட்டால் அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். ஓய்வுபெற்றுப் போனவர்களுக்கும் இது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. முழு இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, பாதிக்கு 15. நாற்பதாயிரம் வாங்கிய ஹவில்தாருக்கு மாதம் ஆறாயிரம். இரண்டு லட்சம் வாங்கிய அதிகாரிக்கு அதே நோய்க்கு, அதே ஊசிக்கு, முப்பதாயிரம். (கணையத்துக்கும் ரேங்க் உண்டு, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளவும்.) இந்த ஆறாயிரம் கதவைத் தாண்டிவிடக் கூடாது என்றுதான் வாசலிலேயே நானா நிற்கிறது.

அந்த வாசல் எல்லோருக்கும் ஒரே அகலமா என்றும் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த சிஏஜி தணிக்கை அறிக்கை ஓய்வுபெறுகிறவர்களை எண்ணியது. அதிகாரிகளில் 36 முதல் 40 விழுக்காட்டினர் இயலாமை ஓய்வூதியத்தோடு போயிருந்தார்கள். ஜவான்களில் 15 முதல் 18. பனியில் நின்றவனைவிட, நிற்கச் சொன்னவருக்கு உடம்பு அதிகம் கெட்டிருக்கிறது! மூட்டை தூக்கியவன் சும்மா இருக்க, பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு வாங்கிய கதை. இந்தக் கணக்கைக் கண்டு அரசுக்கும் கோபம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் புது விதிகள் வந்தன. வாசலை இன்னும் குறுக்கினார்கள், எல்லோருக்கும். பருத்தவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். வெளியே நிற்பது நம் ஹவில்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? தரம்வீர் சிங் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால், பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. வாரியமோ ‘அமைதிப் பகுதியில் கண்டறியப்பட்டது’ என்று ஒற்றை வரி எழுதிப் பேனாவை மூடுகிறது. சர்க்கரை வருவதானால் உயரமான மலையிலோ எல்லைப் பகுதியிலோதான் வர வேண்டும். ரத்தம் சோதிக்கும் ஆய்வகம் கீழே இருக்கிறது என்பது சர்க்கரையின் துரதிர்ஷ்டம். அமைதிப் பகுதி என்ற ஒன்றை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு சுபேதாரின் சர்க்கரை வழக்கில். அதுவரை அந்தச் சுபேதாரை எதிர்த்து நின்ற மனுதாரர் யார் என்கிறீர்கள்? எதிரி நாடா? இந்திய ஒன்றியம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் தோற்று, மனசு ஆறாமல், உயர் நீதிமன்றம்வரை ஏறிப் போயிருக்கிறது. கார்கிலில் இந்த விடாமுயற்சியைச் சிப்பாய்களிடம் மட்டும்தான் பார்த்தோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், ஆனால் இன்னொரு அத்தியாயம் தாண்டி. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி தெளித்த காட்டில் திரிந்தவனுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை வந்தால், அது போரால் வந்தது என்று 2001-இல் ஒப்புக்கொண்டார்கள். போர் முடிந்து இருபத்தாறு வருடம் கழித்து. பெரிய தர்மவான்கள் ஒன்றுமில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு சங்கிலி ஓடுகிறது. சர்க்கரையால் நரம்பு செத்தால் அதற்குத் தனி விழுக்காடு. கண் போனால் தனி. சிறுநீரகம் போனால் தனி. ‘துணை நோய்’ என்று அதற்கொரு விதியே இருக்கிறது. இங்கே தாய் நோயே எங்கள் வீட்டுக்காரி இல்லை என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் எந்த உரிமையில் வாசலில் நிற்கும்?

பிள்ளைகள் ஹவில்தாரிடம் வந்து சேர்ந்துவிட்டன. டிஎன்-70, கேஏ-51 என்று வருகிற லாரி எண்களை ரிஜிஸ்டரில் எழுதும்போது மூன்றும் எட்டும் அவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. டிரைவரையே சத்தமாகச் சொல்லச் சொல்லி எழுதுகிறார். கணுக்காலுக்குக் கீழே பஞ்சு மூட்டை கட்டியதுபோல் இருக்கிறது என்கிறார். செருப்புக் கழன்று விழுந்தால் தெரிவதில்லை, அதனால்தான் பூட்ஸ். நோய் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோப்பில் 20 விழுக்காடு மட்டும் ஆயுளுக்கும் அசையாமல் சாவ்தானில் நிற்கிறது. மேல்முறையீட்டுக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, டிபன் பாக்ஸோடு கொண்டுவருகிறார். பிரயாக்ராஜ் ஓய்வூதிய ஆபீசுக்கு ஒரு நகல், ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு நகல். சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார். வக்கீலுக்கு ஒரு பக்கம், லீவு போட்டால் வெட்டாகிற கூலிக்கு ஒரு பக்கம்.

போன மாதம் காலை ஆறு மணி, ஷிப்ட் மாறுகிற நேரம். நைட் டூட்டி முடித்து, ரிஜிஸ்டரை மடித்து வைத்துவிட்டு, செக்யூரிட்டி ரூமில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த டூட்டிக்கு வந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். வெள்ளை டைல்ஸில், கேட்டிலிருந்து மேசைவரை, வரிசையாகச் சிவப்புத் தடம்.

“ஹவில்தார் சார், யாரு சார் இங்க ரத்தக் காலோட நடந்தது?”

அவர் தடத்தைப் பார்த்தார். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

“நானா?”