மடை பார்க்க ஒரு விளக்கு
கேள்வி: அய்யன் வாய்க்கால் பாசனத்தில் இரவு மடை பார்க்கப் போக எந்த டார்ச் லைட் உத்தமம்?
– ஒரு விவசாயி, லால்குடி

பதில்: கடைக்காரர் எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டும் பிரகாசத்தில் மயங்கிவிடாமல், வரப்பில் படுத்திருக்கும் கண்ணாடிவிரியனை நீங்கள் மிதிப்பதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் அகன்ற ஒளியும், நீர் புகாதபடி ரப்பர் வளையமும் உடைய அலுமினிய எல்.இ.டி. விளக்கையே வாங்குங்கள். கீழே விழுந்தால் இழை அறுந்துபோகும் பழைய பல்பின் பலவீனம் அதற்கில்லை. மலிவான பாட்டரிக் கட்டையின் துத்தநாக உறையே ரசாயன மாற்றத்தில் கரைந்து மின்சாரம் தருவதால், தீர்ந்தபின் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து விளக்கை அரித்துவிடும். அல்கலைன் கட்டை அதைவிட நீடித்து உழைக்கும். தினந்தோறும் உபயோகிப்போருக்கு, 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டே தந்தபோதிலும், மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் கட்டையே சிக்கனம். பழையதையும் புதியதையும் கலப்பது கிழமாட்டோடு இளங்காளையை ஏரில் பூட்டுவதற்குச் சமம். ஆகையால் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுங்கள்.