பின்னால் போனால் மட்டும்

முன்னால் போகும்போது என் கார் பரம சாது. பின்னால் எடுத்தால்தான் ‘டொக்’ என்று ஒரு அடி, அதைத் தொடர்ந்து ‘ங்ஙொய்ய்’ என்று ஒரு இழுப்பு. முன்னால் போகையில் வரும் சத்தம் என்றால் சமாளித்துவிடலாம். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். ரிவர்ஸ் சத்தத்துக்கு அந்த வழி கிடையாது. மாம்பலத்துச் சந்தில் ரிவர்ஸ் எடுப்பது பொதுக்கூட்டம் மாதிரி. பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். வாட்ச்மேன் “வா, வா, லைட்டா ஒடி” என்பார். இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். எல்லோருக்கும் காது உண்டு, கருத்தும் உண்டு.

“கியர் பாக்ஸ் போச்சு சார்” என்றார் வாட்ச்மேன், இழவுச் செய்தி சொல்கிற பக்குவத்தோடு. ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்த மாடி வீட்டுப் பெரியவர், கிளட்ச் என்று தீர்ப்பளித்தார். “டிக்கில என்ன கிடக்குன்னு முதல்ல பாருங்க” என்றாள் மனைவி. செலவில்லாத யோசனை அது ஒன்றுதான் என்பதால் டிக்கியைக் காலி செய்தோம். போன மழைக்குத் தேடிய குடை கிடைத்தது. சத்தம் போகவில்லை.

மெக்கானிக் ஷெட்டில் வண்டி வாயைத் திறக்கவில்லை. “ரிவர்ஸ்லயே ஒரு ரவுண்டு போலாம் சார், சூடானா வரும்” என்றார் மெக்கானிக். தெரு முழுக்கப் பின்னாலேயே ஓட்டினேன். சக்கரத்தருகே காதை வைத்தபடி அவர் கூடவே நடந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டார்: “இன்னா சார், மீட்டரைக் கம்மி பண்றீங்களா?”

‘ங்ஙொய்’யை மெக்கானிக் நோயாகவே மதிக்கவில்லை. முன்னால் போகிற கியர்களுக்குப் பல் சாய்வாக வெட்டியிருப்பார்கள். ஒரு பல் முழுதாக விலகும் முன்பே அடுத்தது மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும், அதனால் சத்தம் குறைவு. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் நேர்ப் பல். ஒவ்வொரு பல்லும் தன் முழு அகலத்தோடு ஒரேயடியாக வந்து மோதும். சுற்றும் திசையைத் திருப்ப நடுவில் ஐட்லர் என்று இன்னொரு பல்சக்கரம் வேறு. “நாம என்ன ரிவர்ஸ்ல கன்னியாகுமரிக்கா சார் போகப் போறோம்?” என்றார். கம்பெனிக்காரர்களும் இதே கணக்குதான் போட்டிருப்பார்கள்.

மீதி ‘டொக்’. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “பிரேக்கை மிதிச்சதும் வருதா, கிளட்சை விட்டதும் வருதா?” இதைத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. பிரேக் பேடுகள் தம் இடத்தில் மயிரிழை இடைவெளியோடுதான் உட்கார்ந்திருக்கும். பின்னால் போய் முதல் பிரேக் போட்டதும் எதிர் ஓரத்துக்கு நகர்ந்து ஒரு முறை தட்டும். அது பெரிய விஷயமில்லை. மழை நாள் காலையில் டிஸ்க்கில் படிந்த துரு ‘சர்ர்’ என்றால் நாலு பிரேக்கில் போய்விடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து எடுக்கும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால்தான் ஆக்சில் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும், பர்ஸையும்.

என் கேஸ் கிளட்சை விட்டதும் வருவது. பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மெக்கானிக் ஓரமாக நின்றுகொண்டு, ரிவர்ஸில் கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். என்ஜின் இருக்கையை விட்டு எழுந்திருக்கப் பார்த்தது! என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். முன்னால் போகும்போது ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம். அந்தப் பக்கத்து ரப்பர் கிழிந்திருந்தது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்குமே என்றேன். “கதவு வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க. ரப்பர் சாமானை மட்டும் பழசுல வாங்காதீங்க.”

புது மவுண்டிங் போட்ட பிறகு கார் ‘டொக்’ இல்லாமல் பின்னால் போகிறது. விளைவு, வெறும் ‘ங்ஙொய்’க்குத் தெருவில் ஒருவரும் விலகுவதில்லை. நாய்கூடத் தலையைத் தூக்குவதில்லை. ஒரு காலத்தில் ரிவர்ஸ் ஹார்ன் என்று ஒன்று இருந்தது. 1810இல் பீத்தோவன் எழுதிய ‘ஃபர் எலீஸ்’ நம் ஊர்ச் சந்துகளுக்கு வந்து சேர்ந்தது அந்தப் புண்ணியத்தில்தான். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அதன் ‘பீப் பீப்’ கேட்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும். அதே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறொரு விதி அமலுக்கு வந்தது: புதிதாக அனுமதி பெறும் மின்சார, ஹைபிரிட் கார் மாடல்கள் மெதுவாகப் போகும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் வெளியே கேட்கிற மாதிரி சத்தம் போட்டே தீர வேண்டும். அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு கிழிந்த ரப்பர் ஒரு பைசா வாங்காமல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் காசு கொடுத்துக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.