நல்ல திருடனும் குலசைத் தசராவும்: ஓர் ஒப்பாய்வு

திரையில் நல்ல திருடனைக் கண்டால் தமிழ் ரசிகர் ஏன் கைதட்டுகிறார்? சமூக நீதி, வர்க்க முரண் என்று கனமான விடைகள் ஏற்கெனவே உண்டு. இவ்வாய்வு அவற்றைக் கும்பிட்டு ஒதுக்கிவிட்டு, திருச்செந்தூருக்குத் தெற்கே குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்துக்குப் பஸ் ஏறுகிறது.

அங்குள்ள முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு விரதமிருப்பவர்கள் காளி, குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரிக்கிறார்கள். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்கு. கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து காப்புக் களைந்தால் வேடமும் கலையும். ஆக, வேடம் வேண்டும், வசூல் வேண்டும், வசூலித்தவர் கையில் காலணாகூடத் தங்கக் கூடாது.

இனி இதே சோதனையைத் திரைத் திருடர்களுக்கு வைத்துப் பார்ப்போம். முதலில் ‘மலைக்கள்ளன்’ (1954). நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கம். எம்.ஜி.ஆர். மலையில் கள்ளன், ஊருக்குள் அப்துல் ரஹீம் என்ற வியாபாரி, அசலில் குமாரவீரன். குலசைக் கணக்கில் பார்த்தாலும் ஓர் ஆளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் படம் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் வரை போனது. கள்ளனுக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

ஷங்கரின் ‘ஜென்டில்மேன்’ (1993) இன்னும் துல்லியம். நாயகன் கிச்சா ஊரறிய அப்பளம் போடுகிறார். கொள்ளையடித்த பணமோ காசு வாங்காத கல்லூரிக்கு. இதில் அப்பளத்தின் பங்கை விமர்சகர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. நாயகன் நகைக்கடை வைத்திருந்தால் இடைவேளைக்கு முன்பே ரசிகருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். அப்பளக்காரரை யார் சந்தேகிப்பார்?

சீமைத் திருடர்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. எழுத்தாளர் ஹார்னங் 1890களின் இறுதியில் படைத்த திருடன் ராஃபிள்ஸ் பெரிய இடத்துக் கிரிக்கெட் வீரர். கன்னம் வைப்பதோ சொந்தச் சொகுசு குறையாமலிருக்க. கோட்டு உண்டு, உண்டியல் இல்லை. லண்டன் ரசிகருக்கு அந்தக் கோட்டே போதுமாக இருந்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அப்படி ஒருவரை நாயகனாக்கினால், “காசெல்லாம் எங்கல போச்சு?” என்ற குரல் தரை டிக்கெட்டிலிருந்து வந்தே தீரும்.

ஓர் ஆட்சேபம் எழலாம்: வேடக்காரர் கேட்டு வாங்குகிறார், திருடர் கேட்காமல் எடுக்கிறார், இரண்டும் ஒன்றா? நியாயமான கேள்வி. ஆனால் வேடக்காரர் குழுவான தசரா செட் மேளத்தோடு வாசலில் வந்து நிற்க, காளி கண்ணை உருட்டிக்கொண்டு தட்டை நீட்டும்போது “சில்லறை இல்லை” என்று சொல்லிப் பார்த்தவர் எவரும் இந்த ஆட்சேபத்தை எழுப்புவதில்லை.