பூசின மாதிரியும் பூசாத மாதிரியும்

வாலே பேராண்டி, வா. கருகின வாடை முதல்ல வந்துட்டு, நீ பின்னால வாறே. உங்க அப்பன் 2004ல வாங்கின கம்ப்யூட்டரைப் பிரிச்சு, மதர்போர்டை வளைகாப்புத் தட்டு மாதிரி ஏந்திக்கிட்டு நிக்கியே! வீடியோ பாத்துச் செஞ்சியோ? ஆறு நிமிசமா? அடேயப்பா, நான் ரேடியோ ரிப்பேர் படிக்க ஆறு வருசம் ஆச்சு. அதுல ரெண்டு வருசம் முதலாளிக்கு டீ வாங்கினது.

எங்க, வெளிச்சத்துல காட்டு. பிராசசர் பக்கத்துல நிக்குத டப்பாவுல மூணுக்கு மண்டை வீங்கியிருக்கு. ஒண்ணு பழுப்பா கக்கியும் வச்சிருக்கு. கெப்பாசிட்டர்தான். மண்டையில சிலுவை மாதிரி கீறல் இருக்குல்லா, அது அழகுக்குப் போட்டது இல்ல. உள்ள வாயு சேந்தா குண்டு மாதிரி வெடிக்காம அந்தக் கீறல்ல பிளந்துக்கிடணும். 2000த்தை ஒட்டி வந்த போர்டு எத்தனையோ இப்படித்தான் செத்துச்சு. உள்ள ஊத்துன எலக்ட்ரோலைட்டுல தண்ணி உண்டு, அது அலுமினியத்தைத் தின்னாம காக்குத மருந்து மட்டும் ஒழுங்கா இல்ல. ஹைட்ரஜன் கிளம்பி, கலியாணப் பந்தியில மூணாவது தடவ பாயசம் வாங்கினவன் வயிறு மாதிரி ஆயிட்டு.

நோயை நீயே கண்டுபிடிச்சிட்ட, கெட்டிக்காரன்தான். வைத்தியத்துலதான் கோளாறு. எத்தனை வாட் அயர்ன்? இருபத்தஞ்சா. ஒரு காலுக்கு எவ்வளவு நேரம் வச்சே? ரெண்டு நிமிசமா! சபாஷ். சூடு பட்டா போர்டு கெட்டுரும்னு பயந்து, கொஞ்சூண்டு சூட்டை ரொம்ப நேரம் வச்சிருக்க. தோசைக்கல்லுல அப்படி வச்சா வறட்டிதாம்லே வரும்.

உங்க ஆச்சி ஈயச் சொம்புல ரசம் வைக்காளே, என்னைக்காவது உருகிப் பாத்திருக்கியா? அது வெள்ளீயம், 232 டிகிரியில ஓடிரும். அடுப்புத் தீ அதைவிட எவ்வளவோ மேல. உள்ள ரசம் இருக்க மட்டும் சூட்டை அது குடிச்சிக்கிடுது, சொம்பு தப்பிக்குது. வெறும் சொம்பை வச்சாத் தெரியும் சேதி.

உன் போர்டுக்குள்ளயும் ரசம் இருக்குலே. வெளிய பாத்தா ஒத்தைப் பலகை, உள்ள நாலு அடுக்கு. அதுல ஒரு அடுக்கு கிட்டத்தட்ட முழுக்கச் செம்புத் தகடு, கிரவுண்டுன்னு சொல்லுவான். கெப்பாசிட்டரோட ஒரு கால் அதுலதான் ஊணியிருக்கு. நீ வைக்குத சூட்டை அந்தச் செம்பு உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 183 டிகிரியில இளக வேண்டிய காரீயம் கலந்த ஈயம் அசையாது. செம்பு வளையத்தைப் பலகையோட பிடிச்சிருக்க பசைதான் நின்னு நின்னு வெந்து விட்டுரும். நீ பொறுக்க மாட்டாம இழுப்பே, வளையம் கெப்பாசிட்டரோட வந்துரும், மாப்பிள்ளையோட ஓடிப்போன பொண்ணு மாதிரி.

சூடு கட்டுப்படுத்துத அறுபது வாட் அயர்ன் வாங்கு. முனை தடியா இருக்கட்டும், 350ல வை. சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரி போ: போனமா, பாத்தமா, நாலு எண்ணுததுக்குள்ள திரும்பினமா. இளகலைன்னா ஆற விட்டு மறுபடி போ. பழைய ஈயம் எடுக்கணும்னா அது மேல புது ஈயத்தைக் கொஞ்சம் போடு. சிரிக்காத, புதுசு பட்டாத்தான் பழசு இளகும், எங்க சாதிசனத்துல மாப்பிள்ளை வந்ததும் மாமியார் இளகுதது இல்லையா! ஒரு காலைச் சூடாக்கி லேசாச் சாய், அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய். தானா எழும்பி வரும்.

ஓட்டை அடைச்சிருந்தா டிரில் போடலாம்னு நினைப்பே. போடு, அந்த ஓட்டைக்கு உள்பக்கம் செம்பு பூசித்தான் அடுக்கையெல்லாம் இணைச்சிருக்கான், அதைச் சுரண்டி எடுத்துரு. வேண்டாம்னா, பின்பக்கம் சூடு காட்டிக்கிட்டே முன்பக்கம் ஈர்க்குச்சியைச் செருகு, வழி விட்டுரும்.

ஈயம் ஒட்டப் பூசுத பேஸ்ட் வாங்கப் போனா குழாய்க்காரன் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துராத. முந்தி தெருவுல ஈயம் பூச வந்தவர் நவச்சாரம் போடுவாரு, பித்தளைக் குடத்துக்கு அது சரி. போர்டுல அது இருந்தா தினமும் கொஞ்சங்கொஞ்சமா அரிச்சு எடுக்கும். பைன் மரத்துப் பிசின் கலந்ததா கேளு. ஈயத்தையும் அளவு பாத்துப் போடு. ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்னு சொன்னவன் உன் போர்டைப் பாக்கல, இதுல கொழுக்கட்டையே பிடிச்சு வச்சிருக்க. புகையை மூக்குல வாங்காத. கையைக் கழுவாம உங்க ஆச்சி சுட்ட முறுக்கைத் தொடாத, இதுல இருக்க காரீயம் வயித்துக்கு ஆகாது.

புதுசுல மைக்ரோஃபாரட் பழைய அளவே இருக்கட்டும். வோல்ட் கூடினா தப்பில்ல, குறையக் கூடாது. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்னு கேட்டு வாங்கு. டப்பாவுல கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டுல நிழல் அடிச்ச பக்கத்தை ஒரு கம்பெனி நெகட்டிவ்ங்கான், இன்னொருத்தன் பாசிட்டிவ்ங்கான். அதனால கழட்டுததுக்கு முன்னால போனுல ஒரு படம் எடு. தினமும் உன் மூஞ்சியவே எடுக்கியே, ஒருநாள் அதையும் எடு. மாத்திப் போட்டா நீ இருக்க இடத்துல பட்டாசுக் கடை.

பவர் சப்ளை டப்பா பக்கம் மட்டும் போயிராத. அங்க நிக்குத பெரிய கெப்பாசிட்டர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கும், பிளக்கை உருவின பிறகும். அதுக்கு வீடியோ பாக்காத, என்கிட்ட வா.

இப்ப இந்தப் போர்டைக் கீழ வை. மச்சுல செத்துப்போன டிவி ஒண்ணு கிடக்கு, நான் திறந்து ரெண்டு வருசம் ஆச்சு, மின்சாரம் எல்லாம் போயிருக்கும். அதுல ஐம்பது காலைக் கழட்டி மாட்டிப் பழகிட்டு வா. என்னலே முறைக்கே? வெறும் சொம்பு உருகுததை எப்படிக் கண்டேன்னுதானே? உங்க ஆச்சிகிட்ட மட்டும் கேட்டுராத. கலியாணத்துக்கு அவ கொண்டாந்த சொம்புலே அது. நாப்பத்தஞ்சு வருசமா ரசம் எனக்கு ஒரு கரண்டி குறைச்சுத்தான் விழுது.