ராஜா எவ்வழி, சொல் அவ்வழி

ஜெர்மன் இலக்கியம் இன்னும் தேறவில்லை என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1780-இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுதியது பிரெஞ்சில்! ராஜாவே அப்படி என்றால் குடிகள் சும்மா இருப்பார்களா? முடி வெட்டுபவர் பிரெஞ்சு பாணியில் 'ஃப்ரிசோர்' ஆனார். பாரிசில் போய்க் கேட்டால் அவர் 'குவாஃபர்'. மானம் போனால் 'பிளமாஷெ'. இப்படியொரு சொல் பிரெஞ்சிலேயே கிடையாது, ஜெர்மானியர் கைவேலை. உருளை வறுவலைச் சுருக்கி 'பொம்மெஸ்' என்றார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு அது ஆப்பிள்.

19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மொழித் தூய்மைவாதிகள் துடைப்பத்தோடு கிளம்பினார்கள். ரயில் நிலையத்தில் நடைமேடைக்கு 'பெரோன்' போய் 'பான்ஷ்டைக்' வந்தது. பயணச்சீட்டுக்கு 'பில்லெட்' போய் 'ஃபார்கார்ட்டெ'. 'பியூரோ'வை மட்டும் அசைக்க முடியவில்லை. ஆபீஸ் அல்லவா, எளிதில் நகருமா! எல்லை தாண்டிய ஜூரிச்சில், அங்கும் ஜெர்மன்தான், இன்றைக்கும் பில்லெட் வாங்கிப் பெரோனில்தான் நிற்கிறார்கள்.