எஞ்சின் மாறினால் சென்சரும் மாறுமா?

கேள்வி: என் பழைய காருக்கு வேறொரு காரின் ஜப்பான் எஞ்சினை ஏற்றியிருக்கிறேன். ஒட்சிசன் சென்சர் பழுதாம். எந்த மொடலைச் சொல்லி வாங்குவது?
- வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: மாப்பிள்ளை மாறிய பிறகு பழையவரின் அளவில் சட்டை தைப்பீர்களா? காரை மறந்துவிடுங்கள். எஞ்சின் மொடலையும், அதை ஓட்டும் கணினிப் பெட்டியின் இலக்கத்தையும் சொல்லுங்கள். சென்சர் கோள் சொல்வது அந்தப் பெட்டியிடம்தான்: சாதாரண வகையில் 0.1 வோல்ட் என்றால் பெற்றோல் குறைவு, 0.9 என்றால் கூடுதல். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வயர் ஒன்றா நான்கா, புரியில் ஏறுவதா, இரண்டு நட்டில் நிற்பதா என்று கடைக்காரர் கட்டாயம் கேட்பார். அதற்குமுன் சென்சர் வயரின் பிளக்கை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூத்திருந்தால், சென்சர் நிரபராதியாகவும் இருக்கலாம்.